காலியாகக் கிடந்த நாலு கதிரைகள்: யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸின் வருடாந்த மாநாடுகள்

எங்கட நாட்டில ஒரு பள்ளிக்கூடத்தைப் பற்றியோ கம்பஸைப் பற்றியோ கதைக்கத் தொடங்கினால், படிப்பு கடைசியாகத்தான் வரும். முதலில் வாறது வருடாவருடம் நடக்கிற விஷயங்கள். இல்ல விளையாட்டுப் போட்டிக்கு இல்லம் சோடிக்கிறது, பெரிய மெச், வாணி விழா, மீலாத் விழா, ஒளி விழா, உயர்தர மாணவர் ஒன்றியத்தின் இராப்போசன விருந்து. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பரி. யோவான் கல்லூரியும் 1904 முதல் ஆடிவரும் கிரிக்கெட் ஆட்டத்தை "வடக்கின் பெருஞ்சமர்" என்கிறார்கள். புனித பத்திரிசியார் கல்லூரிக்கும் யாழ்ப்பாணக் கல்லூரிக்கும் நடுவில் 1917 முதல் நடப்பது "பொன் அணிகளின் போர்". யுத்தம், இடப்பெயர்வு எல்லாம் வந்து சில வருடங்கள் ஆட்டம் நின்றபோதும், அது திரும்பத் தொடங்கிய நாளை ஊரே கொண்டாடியது. ஒரு ஆட்டத்துக்கு இவ்வளவு மரியாதை எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. வருடாவருடம் வாறது என்பதே அதற்குக் காரணமாகப் போதும்.

இதே நியாயத்தைச் சொல்லித்தான் பகிடிவதையும் எங்கட பல்கலைக்கழகங்களில் உயிரோட இருக்கிறது. "எங்களுக்கும் செய்தாங்க, நாங்களும் செய்யிறோம், இது பாரம்பரியம்." 1997இல் பேராதனையில் ஒரு தமிழ் மாணவர் பகிடிவதையால் இறந்த பிறகு, 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் ஒவ்வொரு புது பேட்ச் வரும்போதும் அதே சொல் திரும்ப வருகிறது: பாரம்பரியம். இந்தச் சொல்லைக் கேட்டவுடன் வாயை மூடிக்கொள்ள நாங்கள் பழகிவிட்டோம்.

அதனால்தான் இங்கே வேறு ஒரு வருடாந்த வழக்கத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது. அதையும் மாணவர்கள்தான் தொடங்கினார்கள். அதுவும் ஒரு சின்னக் கல்லூரி வளவைச் சுற்றித்தான் முளைத்தது. ஆனால் அது மூத்தவர் இளையவரை மிதிக்கிற வழக்கம் இல்லை. பந்தியில் யாரை எங்கே இருத்துகிறோம் என்று ஊரையே கேள்வி கேட்ட வழக்கம். அது ஒரு பெரிய தவறிலும் போய் முடிந்தது என்பது என் வாசிப்பு. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

வட்டுக்கோட்டை வளவு

யாழ்ப்பாண நகரத்திலிருந்து காரைநகர் பக்கமாகப் போகும்போது வாற ஊர் வட்டுக்கோட்டை. அமெரிக்க மிஷனரிமார் 1823இல் அங்கே ஒரு செமினரியைத் தொடங்கினார்கள். முதல் அதிபர் டானியல் பூவர். பிற்காலத்தில் பழந்தமிழ் நூல்களை அச்சேற்றிப் பெயர் எடுத்த சி. வை. தாமோதரம்பிள்ளை அங்கே படித்தவர்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாக 1857இல் தேறிய இருவரும், தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும், இந்த வளவின் பிள்ளைகள். அந்த வருடம் செமினரியே இல்லை. 1855இல் அதை மூடிவிட்டார்கள். பிறகு 1872இல் அதே இடத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது.

இந்த மிஷன் பள்ளிகளின் கதையில் சாப்பாட்டுக்கு ஒரு தனி அத்தியாயம் உண்டு. ஆரம்ப வருடங்களில் மிஷன் வளவுக்குள் சமைத்ததைச் சாப்பிட உயர்சாதிப் பிள்ளைகள் சம்மதிக்கவில்லை. ஆங்கிலம் வேண்டும், வான சாஸ்திரம் வேண்டும், கணிதம் வேண்டும், ஆனால் சோறு மட்டும் தங்கட ஆள் சமைத்ததாக இருக்க வேண்டும். மிஷனரிமாரும் அதற்கு இடம் கொடுத்துத்தான் விடுதியை நடத்தத் தொடங்கினார்கள். வகுப்பறைக்குள் உலகப்படம் விரிந்தது; சமையலறைக்குள் ஊர் அப்படியே இருந்தது. நூறு வருடம் கழித்தும் இந்தக் கணக்கு முழுசாகத் தீரவில்லை. 1920களில் யாழ்ப்பாணத்துப் பள்ளிகள் பலவற்றில், ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கு வாங்கு கிடையாது. தரையில் இருக்க வேண்டும், அல்லது வகுப்புக்கு வெளியே நிற்க வேண்டும். அனுமதியே கிடைக்காத பள்ளிகளும் இருந்தன.

விடுமுறையில் ஒரு மாநாடு

1924 டிசம்பர் விடுமுறையில், யாழ்ப்பாணம் ரிட்ஜ்வே மண்டபத்தில் யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸின் முதலாவது வருடாந்த மாநாடு கூடியது. தலைமை வகித்தவர் யாழ்ப்பாணக் கல்லூரி ஆசிரியர் ஜே. வி. செல்லையா. பத்துப்பாட்டை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் என்று இன்றைக்கு அவரை அறிவோம். இயக்கத்தின் உயிராக இருந்தவர் அதே கல்லூரியின் இளம் ஆசிரியர் ஹண்டி பேரின்பநாயகம். 1899இல் பிறந்தவர், அப்போது இருபத்தைந்து வயது. கல்லூரி அதிபர் ஜோன் பிக்னெல் ஒரு அமெரிக்கர். தன் ஆசிரியர்மாரின் அரசியலுக்கு அவர் குறுக்கே நிற்கவில்லை. பிரிட்டிஷ் ஆட்சிக்குள் இருந்த கல்லூரி ஒன்றுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

அந்தக் காலத்து அரசியலையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். பொன்னம்பலம் அருணாசலம் 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரஸைத் தொடங்கி வைத்தார். மேல் மாகாணத்தில் தமிழருக்கு ஒரு ஆசனம் என்ற பிரச்சினையில் இரண்டு வருடத்துக்குள் அதை விட்டு வெளியேறினார். 1924 தை மாதத்தில் இறந்தும் போனார். பெரியவர்கள் சிங்களவர், தமிழர் என்று ஆசனங்களை எண்ணத் தொடங்கிவிட்ட நேரம் அது. அந்த நேரத்தில்தான் இந்தப் பிள்ளைகள் முழு இலங்கைக்கும் சுயராச்சியம் வேண்டும், சாதியும் மதமும் இனமும் அதற்குக் குறுக்கே வரக்கூடாது என்று கூடினார்கள். கடலுக்கு அந்தப்பக்கம் ஒத்துழையாமை இயக்கம் எழுப்பிய அலையும் அவர்களைத் தொட்டிருந்தது.

மாநாடு வருடாவருடம் நடந்தது. அதுதான் இதன் பலம். ஒரு தடவை கூடி ஒரு அறிக்கை விட்டுக் கலைவது சுலபம். ஆனால் அடுத்த வருடமும் கூட வேண்டும் என்றால், போன வருடம் போட்ட தீர்மானத்தை என்ன செய்தோம் என்று ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டி வரும். தேசிய உடை அணிய வேண்டும், தாய்மொழிக்குப் பள்ளியில் உரிய இடம் வேண்டும், தமிழ்ப் பிள்ளைகள் சிங்களமும் சிங்களப் பிள்ளைகள் தமிழும் படிக்க வேண்டும், தீண்டாமை ஒழிய வேண்டும், மதுவை விட வேண்டும் என்ற மாதிரியான விஷயங்களைத் திரும்பத் திரும்பப் பேசினார்கள். தெற்கிலிருந்தும் ஆட்களைக் கூப்பிட்டார்கள். கொழும்பு ஆனந்தா கல்லூரியின் அதிபர் பி. டி எஸ். குலரத்ன ஒரு மாநாட்டுக்குத் தலைமை வகித்திருக்கிறார். பௌத்தக் கல்வி இயக்கத்தின் பெரிய ஆளுமை ஒருவர் யாழ்ப்பாணத்துக்கு வந்து தமிழ் மாணவர்களின் மாநாட்டில் தலைவராக இருக்கிறார். இன்றைக்கு இதை ஒரு செய்தியாகக் கற்பனை செய்து பாருங்கள். எத்தனை பேர் நம்புவோம்?

ஒரே பந்தி

தீர்மானங்களை விட முக்கியமாக எனக்குப் படுவது சாப்பாடு. மாநாட்டுக்கு வந்தவர்கள் சாதி பாராமல் ஒன்றாக இருந்து சாப்பிட வேண்டும் என்பது இந்த இயக்கத்தின் கொள்கை. சம ஆசனம், சம போசனம் என்ற இரண்டு சொற்களும் அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தைக் கலக்கின. வாசிக்கும்போது ஏதோ சின்னச் சடங்கு மாதிரித் தெரியலாம். ஆனால் ஒரு வெள்ளாளப் பிள்ளை மாநாட்டில் சம பந்தியில் இருந்து சாப்பிட்டால், அந்தச் செய்தி அவன் வீட்டுக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் எடுக்கும்? ஊர் சின்னது. வீட்டில் குசினிக்குள் விடுவார்களா, கலியாணப் பேச்சு நிற்குமா, கோயிலில் என்ன சொல்வார்கள் என்றெல்லாம் யோசித்துவிட்டுத்தான் அந்தப் பிள்ளை இலையில் கை வைத்திருக்கும். சுயராச்சியம் என்று மேடையில் கத்துவதற்கு இந்த அளவு துணிச்சல் தேவைப்பட்டிருக்காது. கவர்னர் வீட்டுக்கு வந்து கேட்கப் போவதில்லை. பெரியப்பா வந்து கேட்பார்.

இது வெறும் பயமும் இல்லை. 1920களின் கடைசியில், அரசாங்க உதவி பெறும் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கொடுக்க வேண்டும் என்று கல்விப் பகுதி நெருக்கத் தொடங்கியபோது, யாழ்ப்பாணத்தில் கடும் எதிர்ப்பு எழுந்தது. பெற்றோர் பிள்ளைகளை நிறுத்தினார்கள். மனுக்கள் பறந்தன. ஒடுக்கப்பட்ட பிள்ளைகளைச் சேர்த்த சில பள்ளிகளுக்கு நெருப்பு வைத்தார்கள். ஒரு பிள்ளை வாங்கில் இருப்பதற்கு எதிராகப் பள்ளிக்கூடத்தையே எரிக்கிற ஊரில், ஒரு மாணவர் அமைப்பு எல்லோரும் ஒரே பந்தியில் இருக்க வேண்டும் என்று சொன்னது.

இன்றைக்கும் உயர்தர மாணவர் ஒன்றிய விருந்துகள் நடக்கின்றன. கோட் போட்டு, சாரி கட்டி, மற்றப் பள்ளிப் பிரதிநிதிகளைக் கூப்பிட்டு, ஆளுக்கொரு வாழ்த்துரை சொல்லிச் சாப்பிட்டுவிட்டுப் படம் எடுக்கிறோம். யாரும் யாருடைய சாதியையும் அந்த மேசையில் கேட்பதில்லை. அப்படிக் கேட்காமல் இருக்கிற பழக்கம் தானாக வந்தது என்று நினைத்தால் அது வரலாறு தெரியாத நினைப்பு. யாரோ வீட்டில் ஏச்சு வாங்கியதால்தான் எங்களுக்கு அது சாதாரணமாகிப் போனது.

காந்தி வந்த நவம்பர்

மாணவர் காங்கிரஸ் செய்த வேலைகளில் இன்றைக்கும் பலருக்கு ஞாபகம் இருப்பது ஒன்று: காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தது. 1927 நவம்பரில் கதருக்கு நிதி சேர்க்கக் காந்தி இலங்கைக்கு வந்தார். கஸ்தூரிபாயும் மகாதேவ் தேசாயும் ராஜாஜியும் கூட வந்தார்கள். கொழும்பு, கண்டி, காலி என்று சுற்றிவிட்டு நவம்பர் 26 முதல் 29 வரை யாழ்ப்பாணத்தில் இருந்தார். மாணவர் காங்கிரஸின் கூட்டத்தில் பேசினார். பள்ளிகளுக்குப் போனார். வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரிக்கும் போனார். போன இடமெல்லாம் கதரைப் பற்றியும் தீண்டாமையைப் பற்றியும் பேசினார்.

உலகம் முழுக்கப் பெயர் தெரிந்த ஒரு மனிதரை, மூன்று வயதான ஒரு மாணவர் அமைப்பு தங்கட ஊருக்குக் கொண்டு வந்தது. காசு சேர்த்தது, தொண்டர் படை அமைத்தது, கூட்டங்களை நடத்தியது. அது அவர்களுக்கு எவ்வளவு தெம்பைக் கொடுத்திருக்கும் என்று எங்களுக்கு விளங்கும். ஒரு பீடத்து நிகழ்வுக்கு ஒரு பேச்சாளரைக் கூப்பிடவே நாங்கள் படுகிற பாடு எங்களுக்குத் தெரியும்.

அதே நவம்பரில் இன்னொரு கூட்டமும் இலங்கையில் வந்து இறங்கியது: டொனமூர் ஆணைக்குழு. இலங்கைக்கு என்ன மாதிரியான அரசியலமைப்புக் கொடுக்கலாம் என்று விசாரிக்க லண்டன் அனுப்பிய குழு. காந்தி நாலு நாளில் யாழ்ப்பாணத்தை விட்டுப் போனார். டொனமூர் குழு எழுதி வைத்துவிட்டுப் போனதுதான் அடுத்த நாலு வருடத்துக்குள் இந்த மாணவர்களின் கதையைத் திருப்பிப் போட்டது.

1931

டொனமூர் அறிக்கை 1928இல் வந்தது. அதில் இரண்டு பெரிய விஷயங்கள். ஒன்று, இனவாரிப் பிரதிநிதித்துவத்தை எடுத்துவிட்டு இடவாரித் தொகுதிகள். மற்றது, வயதுவந்த ஆண், பெண் இரு பாலாருக்கும் வாக்குரிமை. படிப்பு, சொத்து, வருமானம் எதுவும் பார்க்கப்படாது. ஆசியாவில் இப்படி ஒரு வாக்குரிமை இதற்கு முன் எங்கேயும் வந்ததில்லை. ஆனால் சுயராச்சியம் என்று பார்த்தால் அது அரைகுறைதான். கவர்னரின் அதிகாரம் அப்படியே இருந்தது. நிதியும் நீதியும் பிரிட்டிஷ் உத்தியோகத்தர் கையில் இருந்தன.

மாணவர் காங்கிரஸ் இதற்குள் வளர்ந்து யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் என்ற பெயரோடு நின்றது. 1931 ஏப்ரலில் கூடிய மாநாட்டுக்குத் தலைமை வகிக்க இந்தியாவிலிருந்து கமலாதேவி சட்டோபாத்தியாய வந்தார். முந்திய வருடம் உப்புச் சத்தியாக்கிரகத்தில் இறங்கியவர். இருபத்தெட்டு வயது. அந்த மாநாட்டில்தான், முழுச் சுயராச்சியம் தராத இந்த அரசியலமைப்பை ஏற்க முடியாது, தேர்தலைப் பகிஷ்கரிக்க வேண்டும் என்று தீர்மானம் எடுத்தார்கள்.

அடுத்த சில கிழமைகள் யாழ்ப்பாணம் முழுக்கக் கூட்டம், ஊர்வலம். தேர்தலில் நிற்க ஆயத்தமாக இருந்த பெரிய மனிதர்களே பின்வாங்கும் அளவுக்கு அலை எழுந்தது. மே 4ஆம் திகதி வேட்புமனு நாள். யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நாலு தொகுதிகளிலும் ஒரு மனுகூட வரவில்லை. இருபதுகளில் இருந்த ஆசிரியர்களும் மாணவர்களும் ஒரு குடாநாட்டின் தேர்தலையே நிறுத்திக் காட்டினார்கள். அரசாங்க சபையில் தேர்ந்தெடுக்கப்பட வேண்டிய ஐம்பது ஆசனங்களில் 46தான் நிரம்பின. நாலு கதிரைகள் காலி.

தெற்கிலும் இதே மாதிரிப் பகிஷ்கரிப்பு நடக்கும் என்று எதிர்பார்த்தவர்கள் இருந்தார்கள். நடக்கவில்லை. தெற்கில் தேர்தல் நடந்தது. வடக்கிலேயே மன்னார்–முல்லைத்தீவுத் தொகுதியிலும் நடந்தது. குடாநாடு மட்டும் தனியே நின்றது.

யாருடைய முதல் வாக்கு?

இந்தப் பகிஷ்கரிப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் வழமையாக இரண்டு பக்கம் பிரிவார்கள். ஒரு பக்கம், இலங்கையிலேயே முதன்முதலில் முழு விடுதலையைக் கேட்டவர்கள் யாழ்ப்பாணத்து இளைஞர்கள்தான் என்று பெருமைப்படும். மற்றப் பக்கம், நாலு ஆசனத்தையும் விட்டுக் கொடுத்துத் தமிழரின் குரலைச் சபையில் இல்லாமல் செய்தார்கள் என்று குற்றம் சொல்லும். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் நான் பார்க்கிற இடம் வேறு.

1931இல் அந்த வாக்குரிமை யாருக்குப் புதிது? வசதியும் படிப்பும் உள்ள ஆண்களில் பலருக்கு அதற்கு முந்திய சட்டசபைத் தேர்தல்களிலேயே வாக்கு இருந்தது. புதிதாக வாக்குக் கிடைத்தது பெண்களுக்கு. ஏழைகளுக்கு. பள்ளியில் வாங்கு மறுக்கப்பட்ட சாதிகளுக்கு. பொன்னம்பலம் இராமநாதன் மாதிரி மூத்த தலைவர்கள் இந்த விரிவான வாக்குரிமையை எதிர்த்ததற்குக் காரணமும் அதுதான். வரலாற்றில் முதல் தடவையாக ஒரு வெள்ளாள முதலாளியும் அவர் வயலில் வேலை செய்கிறவரும் ஒரே வரிசையில் நின்று, ஒரே அளவு பெறுமதியுள்ள வாக்கைப் போட்டிருப்பார்கள். அதை ஒரு சம பந்தி என்று சொல்லலாம். இலைக்குப் பதிலாக வாக்குச்சீட்டு, அவ்வளவுதான்.

அந்தப் பந்தியைத்தான் சம போசனம் கேட்டவர்கள் நடக்காமல் செய்தார்கள். வேண்டுமென்று செய்யவில்லை. அவர்களின் கண் முழுச் சுயராச்சியத்தில் இருந்தது. ஆனால் குடாநாட்டின் பெண்களும் ஒடுக்கப்பட்ட மக்களும் தங்கட முதல் வாக்குக்காக இடைத்தேர்தல் நடந்த 1934 வரை காத்திருக்க வேண்டி வந்தது. ஒரு பெண் தலைமை வகித்த மாநாட்டில், பெண்களுக்கு முதன்முதலாகக் கிடைத்த வாக்கை ஒத்திவைக்கிற தீர்மானம் எடுக்கப்பட்டது. பழைய இனவாரி முறை போனதில் கசந்து போயிருந்தவர்களுக்கும், எல்லோருக்கும் வாக்கு வருவதை விரும்பாதவர்களுக்கும் இந்தப் பகிஷ்கரிப்பு வசதியாகத்தான் இருந்திருக்கும். அவர்கள் வேறு காரணத்துக்காகக் கை தட்டினார்கள். கை தட்டுகிற சத்தத்தில் அந்த வித்தியாசம் தெரியாது.

இதை எழுதுவதால் அந்த இளைஞர்களைச் சின்னதாக்க வேண்டும் என்று எனக்கு இல்லை. ஏழு வருடம் தங்கட வீட்டோடும் ஊரோடும் மோதியவர்கள் அவர்கள். ஆனால் அந்த ஏழு வருடமும் அவர்கள் செய்தது, பந்தியில் யார் இல்லை என்று பார்ப்பது. 1931இல் ஒரே ஒரு தடவை அதைப் பார்க்க மறந்தார்கள் என்று நினைக்கிறேன். இலட்சியம் பெரிதாகப் பெரிதாக, பக்கத்தில் இருக்கிறவர் கண்ணுக்குத் தெரியாமல் போகிற ஆபத்து உண்டு.

அதற்குப் பிறகு

1934இல் நாலு கதிரைகளும் நிரம்பின. பருத்தித்துறையிலிருந்து ஜீ. ஜீ. பொன்னம்பலம் சபைக்குப் போனார். பிறகு ஐம்பதுக்கு ஐம்பது கோரிக்கையின் முகமாக அவர் ஆனார். 1936இல் இரண்டாவது அரசாங்க சபை கூடியபோது மந்திரிசபை முழுவதும் சிங்களவர்களாக அமைந்தது. ஆசனங்களை எண்ணுகிற அரசியல் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது. வாலிபர் காங்கிரஸ் ஐம்பதுக்கு ஐம்பதை ஏற்கவில்லை. ஆனால் ஊர் இப்போது அவர்கள் பேச்சைக் கேட்கிற நிலையில் இல்லை. மாநாடுகள் மெல்ல மெல்ல ஓய்ந்தன.

ஆட்கள் ஓயவில்லை. ஹண்டி பேரின்பநாயகம் ஆசிரியர் சங்க வேலைகளிலும் தாய்மொழிக் கல்விக்கான வாதங்களிலும் நின்றார். இலவசக் கல்வி 1945இல் வந்தபோது, மிஷன் பள்ளிகளோடு சேர்ந்த பலர் தயங்கிய நேரத்தில், அதற்குப் பக்கபலமாக இருந்தவர்களில் அவரும் ஒருவர். பிறகு கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபரானார். ஒரு கிறிஸ்தவர் இந்துக் கல்லூரிக்கு அதிபர். மாணவர் காங்கிரஸ் மேடையில் பேசியதை அவர் உத்தியோகத்திலும் செய்து காட்டினார்.

அவர் 1977இல் இறந்தார். அதற்கு முந்திய வருடம், 1976 மே 14ஆம் திகதி, தமிழர் விடுதலைக் கூட்டணி தனிநாட்டுத் தீர்மானத்தை எடுத்தது. எடுத்த இடம் பண்ணாகம். அது வட்டுக்கோட்டைத் தொகுதிக்குள் இருக்கிற ஊர். அதனால்தான் அதற்கு வட்டுக்கோட்டைத் தீர்மானம் என்று பெயர். வட்டுக்கோட்டை என்றால் இன்றைக்கு எல்லோருக்கும் அந்தத் தீர்மானம்தான் ஞாபகம் வரும். அதே பெயர் கொண்ட மண்ணில் அரை நூற்றாண்டுக்கு முன்னால், சிங்களம் படிக்க வேண்டும், முழு நாட்டுக்கும் விடுதலை வேண்டும் என்று பிள்ளைகள் கூடினார்கள் என்பதைப் பாடப்புத்தகம் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. ஒன்று மற்றதைப் பொய்யாக்குகிறது என்று நான் சொல்ல வரவில்லை. நடுவில் இருந்த ஐம்பது வருடத்தில் 1956 இருக்கிறது, 1958 இருக்கிறது, 1972 இருக்கிறது. முதல் கனவைக் கண்டவர்கள் தோற்றுப் போனதற்குத் தெற்கின் பங்கு பெரியது.

உச்சமுனையில் இருந்து பார்த்தால்

கற்பிட்டிக்கு வடக்கே, ஒரு பக்கம் கடலும் மற்றப் பக்கம் களப்புமாக நீண்டு கிடக்கிற உச்சமுனைக்கும் இந்தக் கதைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். 1931இல் புத்தளத்தில் பகிஷ்கரிப்பு இல்லை. மாணவர் காங்கிரஸின் கதையில் எங்கட கரைக்கு இடமே இல்லை. யாழ்ப்பாணத்தைத் தமிழ் வரலாறு முழுவதும் என்று எழுதுகிற பழக்கத்தில் நாங்கள் எப்போதும் வரைபடத்துக்கு வெளியே இருக்கிறவர்கள்தான்.

ஆனால் வெளியே இருந்து பார்க்கும்போது ஒன்று தெளிவாகத் தெரிகிறது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள். மன்னார்த் தீவிலிருந்து வந்தவர்களில் பலர் வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக் கரைகளில் வந்து இறங்கினார்கள். அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எங்களோடு ஒரே வகுப்பில் இருந்தார்கள், இருக்கிறார்கள். சம பந்தி கேட்ட அதே வடக்கிலிருந்துதான், ஒரு சமூகம் முழுவதும் இலையிலிருந்து எழுப்பப்பட்டது. அப்போது வடக்கில் பகிரங்கமாக எழுந்து கேட்ட குரல்கள் மிகச் சில. துப்பாக்கிக்கு முன்னால் கேட்பது லேசான காரியம் இல்லைதான். ஆனால் கேட்கிற வழக்கம் என்று ஒன்று வருடாவருடம் உயிரோட இருந்திருந்தால், இன்னும் கொஞ்சப் பேராவது வாய் திறந்திருப்பார்களோ என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

வழக்கங்கள் எங்களுக்குச் செய்யக்கூடிய நல்ல காரியம் இதுதான் என்று நினைக்கிறேன். தைரியம் தானாக வருவதில்லை. பழக வேண்டும். மாணவர் காங்கிரஸின் பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் ஒரு தடவை, பயத்தோடு ஒரு பந்தியில் இருந்து பழகினார்கள். பகிடிவதையிலும் இதே மாதிரி ஒரு பழக்கம்தான் நடக்கிறது, தலைகீழாக. ஒவ்வொரு வருடமும் புதியவர்கள் அடங்கிப் பழகுகிறார்கள், பழையவர்கள் அடக்கிப் பழகுகிறார்கள். பட்டம் வாங்கி வெளியே போகும்போது இரண்டும் கைவந்துவிடும்.

எங்கட பீடத்திலும் புது பேட்ச் வரப் போகிறது. வரவேற்பு விருந்து என்று ஒன்று எப்படியும் வைப்போம். யார் சமைப்பது, யார் பரிமாறுவது, முதல் வருடம் எங்கே இருப்பது, சிங்கள மாணவர்களைக் கூப்பிடுவதா, விடுதி கிடைக்காமல் தூரத்திலிருந்து பஸ்ஸில் வாறவர்கள் வரக்கூடிய நேரத்தில் வைப்பதா என்றெல்லாம் கூட்டம் போட்டுக் கதைப்போம். சின்னக் கேள்விகள் மாதிரித்தான் இருக்கும். 1924இலும் அவை சின்னக் கேள்விகளாகத்தான் தொடங்கின.